மங்கலம் ரோட்டு இருட்டுக்கு ஒரு சைக்கிள் லைட்

ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். ஆண்டிபாளையம் குளத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் தெருவிளக்கு குறைய ஆரம்பித்தது. எதிரே ஒரு பஸ். அதன் ஹெட்லைட் கண்ணில் அடித்துவிட்டுப் போன அடுத்த நொடி முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. காலையில் போகும்போது இல்லாத வேகத்தடை ஒன்று அந்த இடத்தில் முளைத்திருந்தது. வெள்ளைக்கோடு கிடையாது, பலகை கிடையாது. முன்சக்கரம் ஏறி இறங்கிய குலுக்கலில், ரப்பர் பட்டையால் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த லைட் எகிறி நடுரோட்டில் விழுந்து உருண்டது. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு எடுக்கலாம் என்று திரும்புவதற்குள், துணி ரோல் ஏற்றிவந்த வேன் ஒன்று அதன் மேலேயே ஏறிப் போய்விட்டது.

எனக்கு அடி ஒன்றும் இல்லை. தூக்குப்போசியில் மிச்சமிருந்த ரசம் மட்டும் பை முழுக்க ஆகிவிட்டது.

நான் திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் பிட்டர், துணி பின்னுகிற மிஷின்களைப் பார்த்துக்கொள்கிறவன். வீடு மங்கலம் தாண்டித் தோட்டத்துக்குள். ஒரு வழிக்கு ஒன்பது கிலோமீட்டர், அதில் கடைசி ஒரு கிலோமீட்டர் இட்டேரி. இரண்டு பக்கமும் கிலுவை வேலி, நடுவில் மண் தடம், மழை பெய்தால் வண்டிச் சக்கரம் பதிந்த சோட்டில் தண்ணீர். மகள் காலேஜுக்கு ஸ்கூட்டர் போனதிலிருந்து நான் பழைய 22 இஞ்ச் சைக்கிளுக்கு மாறிவிட்டேன். போகும்போது பகல்தான். வரும்போதுதான் இருட்டு.

வேன் ஏறிய லைட் 349 ரூபாய். அதற்குப் பதிலாக என்ன வாங்குவது என்று முடிவெடுக்க எனக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. அந்தக் கதைதான் இது.

முதலில் சைக்கிள் கடைக்குத்தான் போனேன். கடைக்கார அண்ணன் ஸ்போக்ஸ் முடுக்கிக்கொண்டே கேட்டார். "ஏனுங்க, ரோடு தெரியறதுக்கு லைட் வேணுமா, சும்மா பேருக்கு வேணுமா?"

"ரோடு தெரியோணும்ணா."

"அப்படின்னா எங்கிட்ட இல்லீங்க. இருக்கறதெல்லாம் பேருக்குத்தான்."

வியாபாரத்தை விட்டுக்கொடுத்து உண்மை பேசிய அந்த வார்த்தைக்காகவே அவரிடம் பின்னால் மாட்டுகிற சிவப்பு லைட் ஒன்றை வாங்கிக்கொண்டேன். ஆனால் அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. சைக்கிள் லைட்டில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, நாம் வருகிறோம் என்று மற்றவர்களுக்குக் காட்டுவது. இன்னொன்று, ரோட்டை நமக்குக் காட்டுவது. டவுனுக்குள், தெருவிளக்கின் கீழே ஓட்டுகிறவருக்கு முதல் சாதி போதும், 300 ரூபாயில் வேலை முடிந்துவிடும். இட்டேரியில் ஓட்டுகிறவனுக்கு அது போதாது. நான் அதுவரை முதல் சாதி லைட்டை மாட்டிக்கொண்டு இரண்டாவது வேலையை அதனிடம் எதிர்பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டேன். மணிக்கு 18 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 5 மீட்டர். ஒன்றைக் கண்ணால் பார்த்து, மூளைக்கு எட்டி, கை பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள் ஏழரை மீட்டர் போய்விடுகிறது. என் சைக்கிளில் கம்பி பிரேக். காய்ந்த ரோட்டில் நாலு மீட்டரில் நிற்கும், ஈர ரிம்மில் அதைவிடக் கூடுதலாகவே இழுக்கும். ஆக, பதினைந்து மீட்டர் தூரத்தில் இருப்பது தெரிந்தாக வேண்டும். பழைய லைட்டில் நான் பார்த்துக்கொண்டிருந்தது மட்கார்டுக்கு முன்னால் மூன்று மீட்டர்.

சரி, வெளிச்சம் அதிகமாக இருக்கிற லைட்டை வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்து ஆன்லைனில் தேடினேன். அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. வெளிச்சத்தைச் சொல்லும் அளவு ஒன்றில் 1,000 லூமென், இன்னொன்றில் 10,000 லூமென், விலை இரண்டுக்கும் ஒன்றுதான். அளவு பெரிதாக இருந்ததைப் பார்த்து ஆசைப்பட்டு, 'டி6' என்று போட்டிருந்த ஒரு ஜூம் டார்ச்சை ஹேண்டில்பார் கிளாம்போடு 520 ரூபாய்க்கு வாங்கினேன்.

அப்புறம்தான் படித்தேன். டி6 என்பது லைட்டின் மாடல் பெயரே கிடையாது. அமெரிக்காவின் கிரீ நிறுவனம் எக்ஸ்எம்-எல் என்று ஒரு எல்இடி விட்டது. தயாராகி வருகிற எல்இடிகளை வெளிச்சத்தை அளந்து தரம் பிரிப்பார்கள், நம் ஊரில் துணியை ஏ கிரேடு, பி கிரேடு பிரிக்கிற மாதிரி. அதில் ஒரு தரத்தின் பெயர் டி6. 700 மில்லி ஆம்பியர் கரண்ட் கொடுத்தால் குறைந்தது 280 லூமென் தர வேண்டும் என்பது அதன் அளவு. உச்சபட்சமான 3 ஆம்பியரை அனுப்பினாலும் சுமார் ஆயிரம் லூமென்தான் வரும். அந்த ஒற்றை எல்இடியை வைத்துக்கொண்டு பெட்டியில் பத்தாயிரம் என்று அச்சடிக்கிறவருக்கு மை செலவு மட்டும்தான்.

லூமென் உண்மையாகவே இருந்தாலும் அது பாதிக் கதைதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது என் கம்பெனி வேலை. லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியே வருகிற மொத்த வெளிச்சம், அதாவது ரோல் எடை. லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழுகிற லூமென், அதாவது ஜிஎஸ்எம், ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. ரோல் இருபது கிலோ என்று மட்டும் சொன்னால் துணி கனமா மெல்லிசா என்று யாராவது சொல்ல முடியுமா? வட்டமாக 100 சதுர சென்டிமீட்டர் வெட்டித் தராசில் போட்டால்தான் தெரியும். லைட்டும் அப்படித்தான். ஆயிரம் லூமெனை ஆகாயத்துக்கும் தென்னை மட்டைக்கும் சேர்த்துப் பரப்பினால் ரோட்டுக்கு என்ன மிஞ்சும்? ஜெர்மனியில் சைக்கிள் லைட்டுக்கு வைத்திருக்கும் விதி லூமெனைப் பேசுவதில்லை. பத்து மீட்டர் தள்ளிக் குறைந்தது 10 லக்ஸ் விழ வேண்டும், மேல்பக்கம் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. நானும் அந்த 10 லக்ஸையே என் அளவாக வைத்துக்கொண்டேன்.

அளக்க என்ன செய்தேன் என்றால், போனில் லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றை இறக்கினேன். போனின் சென்சார் துல்லியமாக இருக்காது. ஆனால் ஒரே போனை வைத்து இரண்டு லைட்டை ஒப்பிட அது போதும். தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. அதிலிருந்து சரியாக 5 மீட்டர் டேப் வைத்து அளந்து ஒரு கல் போட்டு, சைக்கிளை அங்கே நிறுத்தி, சுவரில் அதிக வெளிச்சம் விழுகிற இடத்தில் போனை வைத்துப் பார்த்தேன். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். அதனால் 5 மீட்டரில் வருகிற எண்ணை நாலால் வகுத்தால் 10 மீட்டருக்கானது கிடைக்கும். ராத்திரி பத்து மணிக்குத் தொட்டிச் சுவரில் போனைத் தேய்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து வீட்டுக்காரம்மா, "ஏனுங்க, சுவத்துக்கு ஸ்கேன் எடுக்கறீங்களா?" என்றாள்.

வேன் ஏறிய லைட்டுக்கு அண்ணன் தம்பியான ஒன்று கட்டிங் செக்சன் தம்பி ஒருவனிடம் இருந்தது. இரவல் வாங்கி வைத்தேன். 5 மீட்டரில் 6 லக்ஸ். பத்து மீட்டரில் ஒன்றரை. அவ்வளவுதான் அதன் யோக்கியதை.

டார்ச்சை ஜூம் இழுக்காமல் பரப்பி வைத்தால் 28 லக்ஸ் காட்டியது, பத்து மீட்டருக்கு 7. லென்ஸை முன்னால் இழுத்தால் 480! பத்து மீட்டருக்கு 120 லக்ஸ், ஜெர்மன்காரன் கேட்டதைப் போலப் பன்னிரண்டு மடங்கு. துள்ளிக் குதிக்க வேண்டியதுதானே? சுவரைப் பார்த்தேன். ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமாக ஒரு வெள்ளைக் கட்டம், அதில் மெல்லிய கோடுகள்கூடத் தெரிந்தன. அது எல்இடி சில்லின் உருவமேதான். ஜூம் லென்ஸ் சில்லைப் படம் பிடித்துச் சுவரில் காட்டுகிறது. கட்டத்துக்கு வெளியே ஒரே கும்மிருட்டு. ரோட்டில் இதை வைத்து ஓட்டினால் தூரத்தில் ஒரு கைக்குட்டை அகலத்துக்கு மட்டும் பளிச்சென்று இருக்கும், ஓரத்தில் படுத்திருக்கும் நாய் தெரியாது. சைக்கிள் குலுங்கும்போது அந்தக் கட்டம் இங்கும் அங்கும் துள்ளுவதைப் பார்த்தால் தலை சுற்றும். பரப்பி வைத்தால் எதிரே டூவீலரில் வருகிறவர்கள் திட்டிக்கொண்டே போகிறார்கள். ஒருவர் நிறுத்தியே கேட்டார்: "ஏனுங், லாரியா ஓட்டறீங்க?"

அதைச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவு செய்தேன். கருப்புக் குழாய்த் துண்டு ஒன்றை நீளவாக்கில் பாதியாக அறுத்து, டார்ச் தலைக்கு மேலே தொப்பி மாதிரி மாட்டினேன். எதிரே வருகிறவர் கண்ணுக்கு மேல்நோக்கிப் போகிற சிதறல் குறைந்தது. என் கண்ணிலும் டார்ச் விளிம்பு மின்னுவது நின்றது, அது ஒரு லாபம். ஆனால் நான் எதிர்பார்த்த மாதிரி வெளிச்சத்தின் மேல் விளிம்பு கத்தரித்தது போல வரவில்லை. மங்கலாக ஒரு நிழல், அவ்வளவே. வெளிச்சத்தை வெட்டுவது லைட்டின் ரிப்ளெக்டருக்குள் நடக்க வேண்டிய வேலை, வெளியே தொப்பி போட்டு நடக்காது.

இதற்கிடையில் டார்ச்சின் இன்னொரு குணமும் தெரிந்தது. முழு சார்ஜில் கிளம்பினால் மங்கலம் வருவதற்குள் மங்கிவிடுகிறது. உள்ளே இருக்கிற 18650 செல்லின் உறையில் 9,900 எம்ஏஎச் என்று எழுதியிருந்தது, செல் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு அது. அதன் பெயரிலேயே அதன் அளவு இருக்கிறது, 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவு உருளைக்குள் நல்ல கம்பெனிகளே பெரும்பாலும் 3,500 வரைதான் கொண்டுவந்திருக்கின்றன. அப்படியிருக்க ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் எங்கிருந்து வரும்?

செல்லை எடுத்துக்கொண்டு போய், கம்பெனியில் ஜிஎஸ்எம் பார்க்கிற தராசில் வைத்தேன். 27.4 கிராம். பேட்டரி வண்டிக்கு பேக் கட்டித் தருகிற தம்பி ஒருவன் பல்லடம் ரோட்டில் இருக்கிறான். அவனிடம் இருந்து நல்ல கம்பெனி செல் ஒன்றை வாங்கி அதே தராசில் வைத்தேன். 45.9 கிராம். கையில் தூக்கினாலே தெரியும், ஒன்று உருளைக்கிழங்கு, இன்னொன்று கல். தம்பி என் பழைய செல்லைத் தன் டெஸ்டரில் போட்டு முழுக்க இறக்கிப் பார்த்தான். 610 எம்ஏஎச்.

"அண்ணா, இதுல எழுதுனவனுக்குக் கை நடுங்கிருக்காதுங்களா?" என்றான்.

செல் வாங்கும்போது விலையைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். நாற்பத்தைந்து கிராமுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 35-க்குக் கீழே என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க உறையைக் கிழித்துப் பிரிக்க மட்டும் கூடாது. லித்தியம் செல் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க நேரம் தராது. என் டார்ச்சோடு வந்த சார்ஜர் நேராகச் சுவர் பிளக்கில் செருகுகிற வகை. முழுதும் ஏறியதும் நிறுத்துகிற ஏற்பாடு அதில் இருப்பதாகத் தெரியவில்லை. 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டிய செல் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் என்னாகும் என்று தம்பி சொன்ன விதத்தில், அந்த சார்ஜர் அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்டது. தம்பி தன்னிடம் இருந்த டிபி4056 போர்டு ஒன்றைத் தந்தான். ஒரு ஆம்பியரில் ஏற்றி 4.2 வோல்ட்டில் தானே நிறுத்திக்கொள்ளும் சின்னப் பச்சைத் துண்டு, விலை இருபது முப்பது ரூபாய்க்குள். பாதுகாப்பு சிப்பும் சேர்ந்து வருகிற வகையைத்தான் வாங்க வேண்டும்.

நல்ல செல் போட்டதும் டார்ச் மங்காமல் எரிந்தது. ஆனால் வெளிச்சத்தின் வடிவம் அதேதான். துணியில் கோளாறு இருக்க, பேக்கிங்கை மாற்றின கதை.

நடுவில் வேறு இரண்டு வழியையும் பார்த்துவிட்டேன். ஒன்று அப்பாருவின், அதாவது தாத்தாவின் டைனமோ. பரண் மேல் கிடந்தது. டயர் பக்கவாட்டில் உரசிச் சுற்றுகிற பாட்டில் டைனமோ, 6 வோல்ட் 3 வாட். அதில் முன் பல்புக்கு 2.4 வாட், பின் பல்புக்கு 0.6. லைட் இல்லாமல் போனால் போலீஸ் பிடித்துச் சக்கரக் காற்றைப் பிடுங்கி விடுவார்கள் என்று அப்பாரு சொல்வார். அதற்குப் பயந்து வாங்கியது. நாலு டையோடு வைத்து ஏசியை டிசி ஆக்கி, ஒரு 3 வாட் எல்இடி கொடுத்துப் பார்த்தேன். அரை ஆம்பியருக்கு மேல் டைனமோவே தராது என்பதால் எல்இடி கருகவில்லை, அருமையாகவே எரிந்தது. சார்ஜ் என்கிற கவலையே கிடையாது. ஆனால் சைக்கிளை நிறுத்தினால் லைட்டும் நிற்கும். ஈர டயரில் உருளை வழுக்கும். ஒன்பது கிலோமீட்டரும் "விர்ர்ர்" என்று ஒரு நூல் மில்லையே பின்னால் கட்டி இழுக்கிற மாதிரி பாரம். பன்னிரண்டு மணி நேரம் மிஷின் சத்தத்தில் நின்றுவிட்டு வந்தவனுக்கு அது ஒத்துவராது. காலுக்குத் தெம்பு இருக்கிறவர்கள் யோசிக்கலாம். திரும்பப் பரணுக்கு ஏற்றிவிட்டேன்.

இன்னொன்று தலை லைட். ராத்திரி மும்முனை கரண்ட் விடும்போது தண்ணீர் கட்ட மச்சான் வைத்திருப்பது. கரும்புக் காட்டுக்குள் அதைப் போல ஒன்று கிடையாது, பார்க்கிற பக்கமெல்லாம் வெளிச்சம். அதை மாட்டிக்கொண்டு இட்டேரியில் ஓட்டியபோதுதான் ஒன்று பிடிபட்டது. தடம் முழுக்க வெளிச்சமாக இருக்கிறது, ஆனால் பள்ளம் தெரியவில்லை. எல்லாம் ஒரே சமமாக, தட்டையாக, படம் வரைந்த மாதிரி. சோட்டுக்குள் சக்கரம் இறங்கின பிறகுதான் அது சோடு என்று தெரிகிறது.

எங்கள் வேலையில் இது தெரிந்த சங்கதிதான். துணியில் நீடில் லைன் விழுந்திருக்கிறதா என்று பார்க்க நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. துணியைச் சாய்த்து, பக்கவாட்டில் வெளிச்சம் உரசிக்கொண்டு போகிற மாதிரி பிடித்தால் ஒற்றை ஊசியின் கோடுகூட எழுந்து நிற்கும். ரோட்டிலும் அதேதான். மேட்டையும் பள்ளத்தையும் காட்டுவது வெளிச்சம் விழுகிற இடம் இல்லை, அதற்குப் பின்னால் விழுகிற நிழல். கணக்கு போட்டுப் பார்த்தேன். பத்து மீட்டர் முன்னால் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு மேடு இருந்தால், ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிற ஹேண்டில்பார் லைட்டுக்கு அதன் நிழல் அரை மீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும். லைட்டை 70 சென்டிமீட்டருக்கு இறக்கினால் முக்கால் மீட்டர் நீளும். தலையில் மாட்டினால் ஒரு அடிதான். அந்த ஒரு அடியும் நம் கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் கண்ணும் லைட்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன, நிழல் மேட்டுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. இத்தனை நாளும் வெளிச்சத்துக்குக் காசு கொடுக்கத் தயாராக இருந்த எனக்கு, நிழலுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று மச்சானின் தலை லைட் சொல்லிக்கொடுத்தது.

இதற்கு அப்புறம் தேர்வு சுலபமாகிவிட்டது. வெளிச்சத்தின் மேல் விளிம்பை உள்ளேயே வெட்டி, மொத்தத்தையும் ரோட்டில் கொட்டுகிற லைட் வேண்டும். அப்படிப்பட்டதைப் படத்திலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பெரும்பாலும் இவற்றில் எல்இடி மேலே இருந்து கீழ்நோக்கி, ரிப்ளெக்டரைப் பார்த்தபடி இருக்கும். முன்னால் நின்று பார்த்தால் எல்இடி கண்ணுக்கே படாது, ரிப்ளெக்டர் மட்டும்தான் தெரியும். டார்ச் மாதிரி நடுவில் மஞ்சள் பொட்டுத் தெரிந்தால் அது வட்டமாகத்தான் அடிக்கும். ஜெர்மன் அங்கீகாரம் நிஜமாகவே வாங்கிய லைட் என்றால் உடம்பில் ஒரு அலைக்கோடும் 'கே' எழுத்தும் அதன் பின்னே எண்ணும் இருக்கும். அப்படி இருப்பவை என் பட்ஜெட்டுக்கு எட்டவில்லை. அந்தத் தரம் என்று பெட்டியில் மட்டும் போட்டுவிட்டு எண் இல்லாதவை நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றை, திருப்பி அனுப்ப வசதி இருக்கிற இடமாகப் பார்த்து, 1,390 ரூபாய்க்கு வாங்கினேன். சுவர் சோதனையில் தோற்றால் திரும்ப அனுப்பிவிடுவது என்று எண்ணம்.

தோற்கவில்லை. தொட்டிச் சுவரில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல மேல் விளிம்பு. அதற்கு மேலே இருட்டு, கீழே சுவரின் அகலம் முழுக்கப் பரந்த வெளிச்சம். 5 மீட்டரில் 120 லக்ஸ், பத்து மீட்டருக்கு 30. பெட்டியில் போட்டிருந்தது வெறும் 400 லூமென்.

மாட்டுகிற வேலை எதிர்பார்த்ததைவிட அதிகம். ஹேண்டில்பாரில் மாட்டினால் தூக்குப்போசிப் பை குறுக்கே வருகிறது, ரோட்டின் இடப்பக்கம் முழுக்கப் பையின் நிழல். பையைக் கேரியருக்கு மாற்றி, லைட்டையும் ஹேண்டில்பாருக்குக் கீழே, பழைய சைக்கிள்களில் முன்னால் லைட் மாட்டுவதற்கென்றே இருக்கும் பிராக்கெட்டுக்கு இறக்கினேன். அந்தத் தகட்டில் கிளாம்ப் உட்காராது. இரண்டு இஞ்ச் நீளத்துக்கு இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை லேத்துக்காரரிடம் கொடுத்துக் குறுக்கே வைத்து வெல்டு வைத்துக்கொண்டேன், 60 ரூபாய். குழாய்க்கும் கிளாம்புக்கும் நடுவே பழைய ட்யூப் துண்டு ஒரு சுற்று. ரப்பர் இல்லாமல் பிளாஸ்டிக்கை எவ்வளவு முடுக்கினாலும் பத்து நாளில் நழுவும், அதற்கு மேல் முடுக்கினால் விரிசல் விடும். கடைசியாக, டிராக் பேண்டுக்குப் போடுகிற நாடா ஒன்றை லைட்டின் கழுத்தில் கட்டி பிராக்கெட்டில் முடிச்சுப் போட்டேன். மறுபடியும் கழன்றாலும் ரோட்டில் விழாது, தொங்கும். ஒருமுறை வேனுக்குக் கொடுத்தது போதும்.

சாய்வு வைப்பதும் சுவரிலேயே ஆகிவிடும். தரையிலிருந்து என் லைட் இப்போது 90 சென்டிமீட்டர். சுவரில் 70 சென்டிமீட்டர் உயரத்தில் சாக்பீஸில் ஒரு கோடு போட்டு, 5 மீட்டர் தள்ளி நின்று வெளிச்சத்தின் மேல் விளிம்பை அந்தக் கோட்டில் உட்கார வைத்தேன். 5 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இறக்கம் என்றால் விளிம்பு ரோட்டைத் தொடுவது இருபத்திரண்டு மீட்டருக்கு அப்பால். எனக்கு வேண்டிய பதினைந்தும் உள்ளே அடங்கிவிடுகிறது, எதிரே வருகிறவர் கண்ணும் தப்பிக்கிறது. இதைச் சைக்கிளில் நான் உட்கார்ந்து, மகள் கோட்டைப் பார்த்துச் சொல்லித்தான் வைத்தோம். ஆள் ஏறாமல் வைத்தால் டயர் அமுங்காது, விளிம்பு கொஞ்சம் மாறிவிடும்.

குறை இல்லாமல் இல்லை. மகளின் புதுப் போன் சார்ஜரில், இரண்டு முனையும் டைப்-சி வயராக இருக்கிறதே, அதில் செருகினால் இந்த லைட் சார்ஜே ஏறாது. லைட் செத்துவிட்டது என்றே நினைத்தேன். பழைய தட்டை முனை சார்ஜரில் அதே லைட் ஏறுகிறது. பேட்டரித் தம்பிதான் காரணம் சொன்னான். டைப்-சி சாக்கெட்டில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு வைக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் புது சார்ஜர் கரண்ட்டையே விடும். பைசா பெறாத அந்த இரண்டையும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். வைத்துத் தரட்டுமா என்று கேட்டான். பிரித்தால் மழைக்கு ரப்பர் சீல் போய்விடும் என்று வேண்டாம் என்றுவிட்டேன். தண்ணீர் விஷயத்தில் இது ஐபிஎக்ஸ்4, நாலாபக்கமும் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், முங்கினால் தாங்காது. மாட்டிய பிறகு இரண்டு நாள் நல்ல மழையில் நனைந்தே வந்தேன், உள்ளே ஆவி கட்டவில்லை.

சார்ஜ் கணக்கு இப்படி. உள்ளே 2,600 எம்ஏஎச், 3.7 வோல்ட், ஆக ஒன்பதரை வாட் ஹவருக்குச் சற்று மேல். நடு வெளிச்சத்தில் 3 வாட் எடுக்கிறது என்று வைத்து, சர்க்யூட்டில் சேதாரம் போனால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வருகிறது. எனக்கு ஒரு நாளைக்கு அரை மணி. புதன்கிழமை ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை ஏற்றுகிறேன். மின்னுகிற மோடு ஒன்றும் இருக்கிறது. அதை ராத்திரியில் நான் தொடுவதே இல்லை. இருட்டில் முன் லைட் மின்னினால் எதிரே வருகிறவருக்கு நாம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று பிடிபடாது, நமக்கும் ரோடு விட்டு விட்டுத்தான் தெரியும்.

அந்த வேகத்தடைக்கு இன்னும் யாரும் வெள்ளை அடிக்கவில்லை. நேற்றும் அதே இடத்தில் எதிரே பஸ் வந்தது. கண்ணை இடப்பக்க ரோட்டோரத்துக்குத் திருப்பிக்கொண்டேன். பஸ் கடந்ததும் முன்னால் ரோட்டின் குறுக்கே கரியில் இழுத்த மாதிரி தடிமனாக ஒரு கோடு தெரிந்தது. வேகத்தடையின் நிழல்தான். பிரேக்கைப் பிடித்து மெல்ல ஏற்றி இறக்கினேன். கேரியரில் தூக்குப்போசி ஒரு தட்டுத் தட்டியது, மூடி திறக்கவில்லை.

டார்ச் சும்மா கிடக்கிறது. அதைத் தண்ணீர் கட்ட மச்சானுக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு வாங்கிய நல்ல செல்லை மட்டும் நான் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். செல் இல்லாமல் டார்ச்சை வைத்து என்ன செய்ய என்று மச்சான் கேட்கிறான்.